ஒரு வாய்க் கதை

இல்ல வக்கீலம்மா, கையெழுத்து போட மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? முதல்ல கார்டைப் பாருங்க, அப்புறம் பேப்பரை எடுங்கன்னுதான் சொன்னேன். நீங்க வந்ததும் வராததுமா பேனா மூடியைக் கழட்டிட்டீங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் குட்டை. இதுல உக்காருங்க. பையை மட்டும் தரையில வைக்காதீங்க, அங்க குழாய் சொட்டும். இந்தக் காலேஜ்ல மாடியில யார் கை கழுவினாலும் கீழ இருக்கிற எங்களுக்குத் தெரிஞ்சுடும்.

ஆமா, ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. ஆனாலும் சாவி என்கிட்டதான் இருக்கு. எனக்கு அப்புறம் இங்க யாரையும் போடல. யாராவது பழங்கதை தேடி வந்தா மேல ஆபீஸ்லேர்ந்து எனக்குத்தான் போன் வரும். கார்டம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போங்கன்னு. இங்க எல்லாருக்கும் நான் கார்டம்மாதான். பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்குக் காது கேக்காதுன்னு ஒரு கிண்டலே உண்டு. ஒருதடவை முதல்வர் வருகைப் பதிவு வாசிக்கிறார், மூணு தடவை கூப்பிட்டுட்டார், நான் பாட்டுக்கு ஜன்னலைப் பாத்துட்டு நிக்கறேன். பக்கத்துல இருந்த அட்டெண்டர் அம்மா இடிச்சா, ஏங்க, உங்களைத்தாங்கன்னு.

சிரிங்க, பரவாயில்ல. வக்கீல் சிரிச்சா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு.

இதோ இந்தச் சுவர் முழுக்க, ஜனங்க வாயால சொன்ன கதைகளை எழுதி வெச்ச கார்டு டிராயர்தான். மொத்தம் அறுபத்தி நாலு. ஒவ்வொரு கார்டுக்கும் அடியில ஓட்டை இருக்கா, அதுக்குள்ள ஒரு கம்பி போகுதா? கம்பியை உருவாம ஒரு கார்டை எடுக்க முடியாது. யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு அந்தக் காலத்துப் பேராசிரியர் பண்ணின ஏற்பாடு. கார்டு போகாது. கதை போகும், அதுக்கு எந்தக் கம்பியும் இல்ல.

நீங்க படி இறங்கி வரும்போது கேட்டீங்களே, இந்தக் காலத்து மாயாஜால நாவல் எல்லாம் எழுதுறவங்க சொந்தக் கற்பனையா, பழசிலேர்ந்து எடுக்கிறதான்னு. இந்த அறைக்குள்ள நின்னுட்டு அப்படிக் கேக்கலாமா? இந்த டிராயரை இழுங்க. பாதாளத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவங்க இதுல மட்டும் நூத்துச் சொச்சம் பேர். இந்தப் பக்கம் பாருங்க, உயிரை உடம்புல வெச்சுக்காம வேற எங்கேயோ ஒளிச்சு வெச்ச அரக்கனுங்க, முப்பத்தொரு பேர். ஒருத்தனுக்குக் கிளிக்குள்ள, ஒருத்தனுக்கு வண்டுக்குள்ள, இன்னொருத்தன் பாவம், வீட்டுத் தூணுக்குள்ளயே வெச்சுட்டு வெள்ளையடிக்க வந்தவன்கிட்ட மாட்டிக்கிட்டான். இப்ப எழுதுறவங்க கிளியை எடுத்துட்டுக் கல்லுன்னு போடுவாங்க. நீல நிறத்துல மின்னுச்சுன்னு ஒரு வரி சேப்பாங்க. முதல் பக்கத்துல ஒரு மேப். மேப் இல்லேன்னா கடைக்காரங்க அந்த நாவலை வாங்கறதே இல்லையாம்.

இல்லம்மா, தப்புன்னு சொல்லல. எடுக்காம எப்படி எழுதறது? எங்களுக்குச் சொன்னவங்களும் யார்கிட்டயோ எடுத்ததுதானே. எடுக்கும்போது எதை உதறிட்டு எடுக்கறாங்க, அதைத்தான் நான் பாப்பேன். முப்பத்தேழு வருஷமா இந்தக் கார்டுகளை நகல் எடுத்தவ நான். பழைய கதையில எதுவுமே சும்மா கிடைக்காது. ஆத்தைக் கடக்கணும்னா ஒண்ணைக் கொடுக்கணும். செத்தவனை எழுப்பணும்னா ஒண்ணைக் கொடுக்கணும். பல சமயம் கொடுக்கிறவ ஒருத்தியா இருப்பா, வாங்கிக்கிறவ இன்னொருத்தியா இருப்பா. ஆனா சொல்றவங்க அந்தக் கொடுத்தவளை மறக்க மாட்டாங்க. கதை முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது அவ பக்கம் திரும்பி, அவ என்ன ஆனான்னு சொல்லிட்டுத்தான் எழுந்து போவாங்க. புது நாவல்ல ராஜகுமாரிக்குச் சக்தி பிறவியிலேயே இருக்கும். கொடுத்தவ எதுக்கு? அவ இருந்தா ராஜகுமாரியோட முகம் கொஞ்சம் வாடிப் போகுமே. அதனால அவளைத் தூக்கிடுவாங்க. தூக்க முடியலேன்னா நகத்தை நீளமா வளத்து விட்டு வில்லியாக்கிடுவாங்க.

நல்லாப் பேசறேனா? என் பணிப் பதிவேட்டை மேல போய்ப் பாருங்க. கல்வித் தகுதி, பத்தாம் வகுப்பு, தேர்ச்சி இல்லைன்னு இருக்கும். நகல் எழுத்தர்னு வந்தேன், நகல் எழுத்தராவே போனேன். முதல் பேராசிரியருக்கு அது புரியவே புரியாது. நீ எப்படிம்மா கணக்குல போனேன்னு கேப்பார். போயிடுச்சு சார்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது?

சரி, உங்க பேப்பருக்கு வர்றேன். படிச்சேன், மூணு தடவை படிச்சேன். மேற்படி நாவலில் வரும் பேரில்லாத சூனியக்காரியின் கதை, வாய்மொழியாக வழங்கி வரும் பழங்கதை. அதை நானே நேரில் கேட்டுப் பதிவு செய்தேன். அதில் என் கற்பனை ஏதும் இல்லை. அதன் மீது எனக்கோ வேறு எவருக்கோ தனி உரிமை இல்லை. அப்படித்தானே? நாளைக்கு யாரும் வந்து இது என் கதைன்னு கேக்கக் கூடாது, படம் எடுக்கிறவங்க நிம்மதியா எடுக்கணும். புரியுது. நீங்க உங்க வேலையைப் பாக்கறீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

இதோ அந்தக் கார்டு. இருங்க, கம்பியை உருவறேன். துருப்பிடிச்சுப் போச்சு, கையில ஒட்டும். பாத்தீங்களா, நம்பர் ரெண்டு இருக்கு. கீழ பென்சில், அதுக்கு மேல மை. அது எங்க வழக்கம். ஒரு கதையை ஒருத்தர் வாயால மட்டும் கேட்டா அதுக்குப் பென்சில் நம்பர்தான். ஒரு வாய்க் கதைன்னு சொல்லுவோம். அதே கதை, ஒருத்தரை ஒருத்தர் தெரியாத இன்னும் ரெண்டு பேர்கிட்ட கிடைச்சா, அப்பத்தான் மை. மூணு வாய் சொல்லிட்டா அது ஊருக்குச் சொந்தம். அதுக்கு அப்புறம் அழிக்க முடியாது. சில கதை இருபது வருஷம் பென்சிலோடயே கிடக்கும், பாவமா இருக்கும் பாக்க.

நான் வாசிக்கறேன், எழுத்து மங்கிப் போச்சு. ரெண்டு பொண்ணுங்க. ஊரைச் சுத்தி ஏரி. அக்கரைக்குப் போனாதான் பிழைப்பு. ஏரிக்குள்ள ஒண்ணு இருக்கு, அது என்னன்னு யாரும் பாத்ததில்ல. கடக்கிறவங்க ஒரு பேரைக் கொடுத்துட்டுப் போகணும். சின்னவளுக்கு அக்கரை போயே ஆகணும், ஆனா அவ பேர் ரொம்ப லேசா இருந்துச்சு, ஏரி அதை வாங்க மாட்டேன்னுடுச்சு. பெரியவ தன் பேரை எடுத்துச் சின்னவ கையில வெச்சா. ஒரு வருஷம் வெச்சுக்கோ, திரும்பி வந்து கொடுத்துடுன்னா. சின்னவ போனா. அக்கரையில ராணி செத்து, அடுத்த ராணியைத் தேடிட்டு இருந்தாங்க. இவ பேரைக் கேட்டதும், இதுதான், இந்தப் பேருக்காகத்தான் காத்திருந்தோம்னு கிரீடம் வெச்சுட்டாங்க. ஒரு வருஷம் போச்சு, பத்து வருஷம் போச்சு. பெரியவ ஏரியைச் சுத்தி நடந்தே போய்க் கோட்டை வாசல்ல நின்னா. காவல்காரன், யார் நீ, பேர் என்னன்னு கேட்டான். அவளுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. மேல ஜன்னல்ல ராணி நின்னு பாத்தா. பாத்துட்டு உள்ள போயிட்டா. பெரியவ திட்டல, சாபம் விடல. ஏரிக்கரைக்கே திரும்பிப் போய் உக்காந்தா. அவ பேர் தெரிஞ்சது அந்தத் தண்ணி ஒண்ணுக்குத்தான்.

அவ்வளவுதான் கதை. சின்னக் கார்டு, பின்பக்கம் கூட வரல.

நாவல்ல எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியும். அஞ்சு பாகம். அதுல ராணிக்குப் பேர் பிறவியிலேயே இருக்கு, வானத்திலேர்ந்து வந்த பேராம். கோட்டை வாசல்ல வந்து நிக்கிறவதான் பேரிலி. சடை விழுந்த தலை, குழி விழுந்த கண்ணு. ராணியோட பேரைத் திருட வந்தவ. குழந்தைங்க பேரைக் கூப்பிட்டுத் தூங்க விடாம பண்றவ. அஞ்சாம் பாகக் கடைசியில ராணி அவளை ஏரியில தள்ளி விடறா, கரையில ஜனங்க கை தட்டறாங்க. எங்க தெருவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க பேரிலி விளையாட்டு விளையாடுதுங்க. யாராவது ஒருத்தியைப் பிடிச்சு நடுவுல விட்டுட்டு, உன் பேர் என்ன, உன் பேர் என்னன்னு சுத்திச் சுத்திக் கத்துதுங்க. அந்தப் பிள்ளை பேரைச் சொல்லிட்டா தோத்துடும். நான் கடைக்குப் போற வழியில நின்னு பாத்திருக்கேன்.

எங்க படிச்சேனா? இங்கயே நின்னுட்டுத்தான். அஞ்சாம் பாகம் வந்த அன்னிக்கு லைப்ரரிக்கார அம்மா கொண்டு வந்து கொடுத்தா, கார்டம்மா, உங்க ஏரிக்கதை மாதிரியே இருக்கு பாருங்கன்னு. கடைசி அத்தியாயத்தை முதல்ல புரட்டினேன். அதை முடிச்சுட்டு முதல் பக்கத்துக்கு வந்தேன். பெயரறியாத அந்தக் கதைசொல்லிக்கு அப்படின்னு சமர்ப்பணம் போட்டிருந்துச்சு. உக்கார நாற்காலி தேடினேன், இந்தக் குட்டைக் கால் நாற்காலிதான் கிடைச்சுது.

எதுக்கு அவ்வளவு வருத்தம்னு பாக்கறீங்க. எத்தனையோ கார்டு எத்தனையோ நாவலுக்குப் போயிருக்கு. கேளுங்க, அவங்க உங்ககிட்ட என்னை யாருன்னு சொன்னாங்க? எழுத்தாளரம்மாதான். பழைய ஊழியரா? கார்டு எழுதின பழைய ஊழியர் ஒருத்தர் இருக்காங்க, அவங்க கையெழுத்து போட்டுடுவாங்கன்னா?

ம்.

அவ என் தங்கச்சி.

கூடப் பிறந்தவதான் வக்கீலம்மா. ஒரே அம்மா, ஒரே அப்பா. பேட்டியில ஒரே பொண்ணுன்னு சொல்லியிருக்காளா? எந்தப் பேட்டி? டீவியிலயா? சரி. தண்ணி குடிங்க. நீங்க ஏன் முகம் மாறுறீங்க, வலிக்க வேண்டியது எனக்குத்தானே.

போன வாரம் போன் பண்ணினா. நாலு வருஷம் கழிச்சு. அக்கான்னு கூட ஒரு வார்த்தை இல்ல. நான்தான், அப்படின்னா. ஒரு வக்கீல் அம்மா வருவாங்க, பேப்பர் கொடுப்பாங்க, போட்டுடு, சும்மா ஒரு கார்டுதானேன்னா. நீயே வரலாமேன்னு கேட்டேன். படப்பிடிப்பு விஷயமா ஆயிரம் வேலைன்னா. அங்க ஒரு நாய் குரைச்சுது. நாய் வளக்கறியான்னு கேட்டேன், வெச்சுட்டா. நாய் வளக்கறான்னு கூட எனக்குத் தெரியல பாருங்க.

அவ இங்க வந்தது பதினாறு பதினேழு வருஷம் முன்னாடி. அப்ப பெரிய காலேஜ்ல விரிவுரையாளர். பழங்கதையிலேர்ந்து புதுக் கதைக்குன்னு ஏதோ ஆராய்ச்சி. நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தா. அஞ்சு நாள் வந்தா. கூட ரெண்டு மாணவிங்க இருந்ததால என்னை நீங்க வாங்கன்னு பேசினா. நானும் மேடம்னு சொன்னேன். நாலாம் நாள் இந்த டிராயரை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கார்டா தள்ளிட்டு வந்தா, இதுல நின்னுட்டா. ரொம்ப நேரம் நின்னா. மாணவிங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க. இது யார் சொன்னதுன்னா. பேர் சொல்லலன்னு நான் சொன்னேன். நிமிந்து என்னைப் பாத்தா. கோட்டை ஜன்னல்லேர்ந்து பாத்த மாதிரி இல்ல, அப்ப அவ கண்ணு கலங்கியிருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. என் கையைப் பிடிக்கப் போறான்னு நினைச்சேன். அதுக்குள்ள மாணவிங்க படி இறங்குற சத்தம். இதுக்கு ஒரு நகல் வேணுமேன்னா. எழுதிக் கொடுத்தேன். நகல் எழுத்தர்தானே நான்.

அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். புரிஞ்சுக்கிட்டா, அது போதும்னு தூங்கினேன். நாலு வருஷத்துல முதல் பாகம் வந்துச்சு.

தெரியாம எழுதிட்டாளோன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன். எழுதுறவங்க கை சில சமயம் தானா போகும்பாங்க. ஆனா இந்தக் கையைப் பாருங்க. மணிக்கட்டுல, இந்தத் தழும்பு. அப்பாவைத் துடைச்சு விட வெந்நீர்ப் பானையை இறக்கும்போது ஆனது. பிறை மாதிரி இருக்கா? ரெண்டாம் பாகம், பேரிலி முதல்ல வர்ற இடம். இடது மணிக்கட்டில் பிறை வடிவில் வெந்த தழும்புன்னு எழுதியிருக்கா. படத்துல அதைத்தான் பெருசா காட்டப் போறாங்கன்னு நீங்களே சொன்னீங்க. இந்தக் கார்டுல தழும்பு எங்க இருக்கு, காட்டுங்க. கோட்டை வாசல்ல பேரிலி தலையை விரிச்சுட்டு, ஒரு வருஷம்னுதானே சொன்ன, ஒரு வருஷம்னுதானே சொன்னன்னு பைத்தியம் மாதிரி கத்துவாளே, ஜனங்க சிரிப்பாங்களே, அதை நான் ஒரு ஹாஸ்டல் வாசல்ல சொன்னேன். கத்தல. மெதுவாத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கல, வாட்ச்மேன் மட்டும் இருந்தார்.

அதுக்கு வர்றேன். நீங்க கார்டோட கீழ் மூலையைப் படிங்க முதல்ல. சொன்னவர், பெயர் கூற விரும்பாத பெண். வயது இருபத்தெட்டு. தொழில், வீட்டு வேலை. எங்க விதிப்படி சொன்னவர் இல்லாம கார்டு போடக் கூடாது. சொன்னவர் இல்லேன்னா அது கதையில்ல, குப்பைம்பார் பேராசிரியர். அதனால ஒரு சொன்னவரைப் போட்டேன்.

ஆமா. அப்படி ஒருத்தி வரல. யாரும் சொல்லல. நான் எழுதினேன்.

என் கற்பனையான்னு கேக்காதீங்க, அந்த வார்த்தை வேண்டாம். அப்ப தினம் நாப்பது கார்டு நகல் எடுப்பேன். எங்கேயோ இருக்கிற பொம்பளைங்க, புருஷன் அடிச்சதைப் புலி அடிச்சதுன்னும், பிள்ளையைக் கொடுத்ததை மலைக்குக் கொடுத்தேன்னும் சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கு அது தெரிய ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. தெரிஞ்ச அன்னிக்கு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனப்ப, நானும் ஒரு கார்டு எடுத்து டைப்ரைட்டர்ல சொருகினேன். யார்கிட்டயும் சொல்ல முடியாதது ஒண்ணு என்கிட்டயும் இருந்துச்சு. ஆயிரம் கார்டுக்கு நடுவுல அதையும் வெச்சுட்டா கொஞ்சம் இறக்கி வெச்ச மாதிரி இருக்கும்னு தோணிச்சு. பென்சில் நம்பர்தானே, ஒரு வாய்க் கதைதானே. யார் வரப் போறா?

இப்ப கேளுங்க வேடிக்கையை. நாவல் மூணு பாகம் வந்து ஓஹோன்னு போகுது. கதை சேகரிக்கப் போன ஒரு மாணவி, லாரி ஓட்டுறவர் ஒருத்தர் சொன்னார்னு ஒரு கதையோட வர்றா. ஏரி, பேர், ரெண்டு பொண்ணுங்க. எங்க அம்மா சொன்ன கதைன்னு அவர் சத்தியம் பண்ணியிருக்கார். அடுத்த வருஷம் இன்னொருத்தி, ஆஸ்பத்திரி ஆயாம்மா சொன்னாங்கன்னு. அந்த ஆயாம்மாவோட கதையில பெரியவளுக்குக் கடைசியில மீன் ஒண்ணு வந்து பேரைத் திருப்பிக் கொடுக்குது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. புதுப் பேராசிரியர் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார், மூணு வாய் ஆச்சு, மையால போடுங்க கார்டம்மான்னார். என் கையாலயே போட்டேன். அந்த மைதான் இது. ஆக, உங்க பேப்பர் பொய்யுன்னும் சொல்ல முடியாது. பழங்கதையிலேர்ந்து நாவல் வரும்னு படிச்சிருக்கோம். இங்க நாவல் திரும்பிப் போய்ப் பழங்கதை ஆயிடுச்சு. நான் கையெழுத்து போட்டுட்டா எல்லாருக்கும் வசதி. சட்டத்துக்கும் வசதி.

நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரியுது. நான் எழுதினதுன்னு சொன்னா, உரிமை எனக்கு வரும். படக் கம்பெனி என்கிட்டதான் பேசணும். அதோட முப்பத்தேழு வருஷம் நான் போட்ட அத்தனை கார்டும் சந்தேகத்துக்கு வரும், எது நிஜம், எது கார்டம்மா சொந்தமா விட்டதுன்னு. அதுவும் தெரியும். இந்த ஒண்ணைத் தவிர நான் எதுலயும் ஒரு கால் புள்ளி கூட மாத்தினதில்ல. ஆனா யார் நம்புவா? அதனாலதான் அவ தைரியமா உங்களை அனுப்பியிருக்கா. இவ வாயைத் திறக்க மாட்டா, திறந்தா இவளுக்குத்தான் கேடுன்னு. என்னை நல்லாப் படிச்சவ அவ. கார்டைவிட நல்லாப் படிச்சவ.

உரிமை எனக்கு வேண்டாம். படம் எடுக்கட்டும். ஏரியில தள்ளட்டும். ஆயாம்மா சொன்ன மீன் வந்தா வரட்டும்.

சரி, எடுங்க பேப்பரை. இல்ல, இதுல வேண்டாம். வெள்ளைத்தாள் இருக்கா? நான் சொல்றதை நீங்க எழுதுங்க. இந்தக் கதையை யாரிடமும் நான் கேட்கவில்லை, நானே எழுதினேன். அதை முதல்ல போடுங்க. போட்டீங்களா? நடந்ததைத்தான் எழுதினேன், அதையும் போடுங்க.

எது நடந்ததா? அந்தக் கிரீடம் மட்டும் இல்ல. மத்தது எல்லாம்.

எனக்கு அப்ப பதினெட்டு. பள்ளியிறுதியில அந்த வட்டாரத்துலயே ரெண்டாவது. பெரிய காலேஜ்ல இடம், ஹாஸ்டல் இலவசம்னு தபால் வந்துச்சு. தபால் வந்து ஒன்பதாம் நாள் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. தங்கச்சிக்குப் பதினாறு. கணக்குல ரெண்டு தடவை போய் வீட்டுல உக்காந்திருந்தா. அப்பாவைத் தூக்கிப் புரட்ட அவளால முடியாது, பக்கத்துல போகவே பயப்படுவா. சித்தப்பா, இவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிடுவோம், ஒரு வாய் குறையும்னு நாப்பது வயசு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டார். அவ கொல்லையில என் காலைப் பிடிச்சுட்டு அழுதா. விடு, என் சான்றிதழை எடுத்துட்டு நீ போன்னேன். அந்தக் காலத்துச் சான்றிதழ்ல போட்டோ எல்லாம் கிடையாது. ஒரு வருஷம் இரு, அப்பா தேறிடுவார், நீ வந்துடு, நான் போறேன், ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்னேன். பதினெட்டு வயசுல அவ்வளவுதானேம்மா புத்தி. அவளும் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினா. பொய்ச் சத்தியம் இல்ல, அன்னிக்கு நிஜமாத்தான் பண்ணினா.

ஒரு வருஷம் கழிச்சு நானே போனேன். ஹாஸ்டல் வாசல்ல, புதுச் செருப்பு போட்டுட்டு வந்தா. அக்கா, இங்க எல்லாரும் என்னை அந்தப் பேர்லதான் கூப்பிடறாங்கன்னா. எனக்கே பழகிடுச்சுன்னா.

ஆறு வருஷம் கழிச்சு அப்பா போனார். அப்புறம் நான் வேலை தேடினப்ப, வீட்டுல மிச்சம் இருந்தது ஒரு சான்றிதழ்தான். கணக்குல போன சான்றிதழ். அதைத்தான் இங்க கொண்டு வந்து கொடுத்தேன். இந்தக் கார்டுல சேகரித்தவர்னு மூலையில இருக்கே, உங்க பேப்பர்ல கையெழுத்துக்கு மேல அச்சடிச்சு வெச்சிருக்கீங்களே, அது அவ பேர். பிறந்தப்ப அவளுக்கு வெச்சது. பதிவேட்டுல அவ வயசு இருந்ததால ரெண்டு வருஷம் லேட்டாத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க.

தெரியும்மா. அவ பட்டம், அவ பாத்த வேலை, என் பென்ஷன், எல்லாம் போகும். நீங்க வக்கீல், உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். சொல்லாம இருக்கணும்னுதான் நாப்பத்தஞ்சு வருஷம் இருந்தேன். அவ என்னை ஏரியில தள்ளினதுக்கு அப்புறமும் ரெண்டு வருஷம் இருந்தேன். எனக்கு ஒரு உரிமையும் இல்லன்னு நானே எழுதித் தரணும்னு ஆள் அனுப்பினா பாருங்க. அதுவும் அவ பேர்லயே கையெழுத்து போட்டு.

பேனாவை ஏன் கீழ வெச்சீங்க? எடுங்க. மேல இடம் விட்டிருக்கீங்கல்ல, வாக்குமூலம் கொடுப்பவர் பெயர்னு. எழுதுங்க. நான் சொல்லக் கூட வேண்டாம். உங்க பையில அந்த நாவல் இருக்கு, அட்டையைப் பாத்து எழுதிக்கோங்க.